இட்டேரிக்கும் தார்ரோட்டுக்கும் ஒரே வண்டி

பொள்ளாச்சியில் குடியிருந்துகொண்டு தார்ரோட்டில் மட்டும் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஊரைவிட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் கொஞ்ச தூரத்தில் தென்னந்தோப்பு வந்துவிடும். தோப்புக்கும் தோப்புக்கும் நடுவே இருபுறமும் வேலியோடு ஓர் இட்டேரி. அது போய் முட்டுகிற இடத்தில் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால், வாய்க்கால் கரையோடு கண்ணுக்கெட்டிய மட்டும் மண்தடம். லாரி இல்லை, ஹாரன் இல்லை, வேகத்தடை இல்லை. குறுக்கே வந்தால் மயில் வரும், இல்லாவிட்டால் ஆட்டுமந்தை வரும். இதையெல்லாம் விட்டுவிட்டு உடுமலை ரோட்டின் வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போவானேன்?

அதற்காக மண்தடத்துக்கென்றே ஒரு முரட்டு வண்டி வாங்குவதும் சரிப்படாது. இட்டேரி எதுவும் நம் வீட்டு வாசலில் தொடங்குவதில்லை. ஆனைமலைப் பக்கம் ஒரு காலைச் சுற்று போய் வந்தால் பாதி தார், பாதி மண். அந்த மண்ணிலும் ஓரிடத்தில் செம்மண், ஓரிடத்தில் கப்பிக்கல், இன்னோரிடத்தில் ஜல்லியைக் கொட்டிவிட்டு யாரோ மறந்துபோன ரோடு. தாரில் விர்ரென்று போக வேண்டும், ஜல்லியில் தடுமாறக் கூடாது, மேட்டில் மூச்சு வாங்கக் கூடாது. கேட்கிற ஆசை பெரிதுதான். ஆனால் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. என்னிடமே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே வீட்டில் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அலுமினிய ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், நேரான ஹேண்டில்பார், முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 40 மில்லிமீட்டர் டயர். சஸ்பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. எடை பத்தரைக் கிலோ சொச்சம். மாடிப்படியில் ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஏறும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிள் ஏறக்குறைய இதைப்போல் இரண்டு பங்கு கனம். அதில்தான் அவர் நெகமம் சந்தைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்வந்தார் என்பது வேறு கதை.

வண்டியின் பிராண்டைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்தப் பெயரைத்தான் தேடிப் போவீர்கள், அளவைப் பார்க்கமாட்டீர்கள். இந்த ரகத்தில் ட்ரெக்கின் எஃப்எக்ஸ், ஸ்பெஷலைஸ்டின் சிர்ரஸ், ஜெயன்ட்டின் எஸ்கேப், ஃபாஸ்ட்ரோடு, கேனன்டேலின் குயிக், மெரிடாவின் ஸ்பீடர், டெகாத்லானின் ரிவர்சைடு என்று வரிசையே இருக்கிறது. கடைக்காரர்கள் ஹைபிரிட் என்பார்கள், ஃபிட்னஸ் பைக் என்பார்கள். ஒரே பெயருக்குள்ளேயே 28 மில்லிமீட்டர் டயர் மாட்டிய தார்ரோட்டு வண்டியும் இருக்கும், 42 மாட்டிய மண்ரோட்டு வண்டியும் இருக்கும். ஆகவே பெயரை நம்பிப் பயனில்லை.

முதலில் எடை. எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுகிறவர் 75 கிலோ, வண்டி பதின்மூன்றரைக் கிலோ என்றால் மொத்தம் 88½. அதே ஆள் பத்தரைக் கிலோ வண்டியில் ஏறினால் 85½. மூன்று கிலோ குறைத்ததில் லாபம் நூற்றுக்கு மூன்றரைகூட வராது. இரண்டு மணி நேரம் ஏறுகிற மலையில் நாலு நிமிஷம் மிச்சம். நாலு நிமிஷத்துக்காகவா இத்தனை ஆயிரம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் எடை குறைந்ததன் அருமை மலையில் தெரிவதைவிட வாய்க்கால் கரையில்தான் தெரியும். மதகு ஒன்று குறுக்கே வரும், இறங்கித் தூக்க வேண்டும். காற்றில் விழுந்த தென்னை கிடக்கும், தாண்ட வேண்டும். இட்டேரி முனையில் படல் சாத்தியிருக்கும். கல் வந்தால் முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி மறுபக்கம் வைக்க வேண்டும். குழியில் வேகம் செத்துப்போன பிறகு இரண்டு மிதியில் திரும்ப எழ வேண்டும். இந்தச் சின்னச் சின்ன வேலைகளில்தான் கனமான வண்டி ஆளைக் கொன்றுவிடும். லேசான வண்டியோ நாம் நினைப்பதற்கு முன்பே கிளம்பி நிற்கும்! பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் ஃப்ரேமில் கிராம் பார்ப்பதை விடுங்கள். சக்கரத்திலும் டயரிலும் ஃபோர்க்கிலும் பாருங்கள். ரிம்மிலும் டயரிலும் குறைக்கிற எடைக்கு, வேகம் எடுக்கும்போது ஏறக்குறைய இரட்டை மதிப்பு. முன்னால் போகவும் வேண்டும், சுழலவும் வேண்டும் அல்லவா.

ஃபோர்க் என்றதும் சஸ்பென்ஷன் சண்டைக்கு வந்துவிடுகிறேன். நம் ஊரில் கியர் சைக்கிள் என்றால் முன்னால் ஷாக் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. அந்த வண்டிகளில் வருகிற சுருள்கம்பி ஷாக் தனியாகவே 2 கிலோவைத் தாண்டும். கார்பன் ஃபோர்க் அரைக்கிலோ அளவில் முடிந்துவிடும். எடை போகட்டும். எழுந்து நின்று மிதித்தால் அந்த ஷாக் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து நம் மிதியில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். ஆனைமலை இட்டேரியில் பாறையில் குதிக்கவா போகிறோம்? பொடிக்கல்லும் வண்டித்தடமும்தான். அந்த அதிர்வை வாங்கிக்கொள்ள வேறு ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு எடையும் கிடையாது: காற்று.

இப்போது டயருக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

28 டயருக்கும் 40 டயருக்கும் வித்தியாசம் பார்வைக்கு ஒரு விரல் அகலம்தான். உள்ளே அடங்குகிற காற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு; அகலம் கூடக் கூட அதன் வர்க்கத்தில் இடம் கூடும். காற்று இரட்டித்தால் அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கலாம். 28-ல் 80 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் பல் நடுங்கப் போகிற ரோட்டில், 40-ல் 35, 40 வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போகலாம். மிகையாகச் சொல்லவில்லை. வாய்க்கால் கரையில் நான் நிஜமாகவே பாடுகிறேன். கேட்க மயிலைத் தவிர ஆள் இல்லை என்பதால் பிழைத்தேன்.

அகல டயர் தாரில் இழுக்குமே என்று கேட்பீர்கள். எல்லாரும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். டயர் ஒல்லியாகவும் கல்மாதிரி கெட்டியாகவும் இருந்தால்தான் வேகம் என்று பந்தயக்காரர்களே நம்பினார்கள். அமெரிக்காவில் யான் ஹைனே என்பவர் தம்முடைய பைசிக்கிள் குவார்ட்டர்லி பத்திரிகைக்காக நிஜ ரோட்டில் ஓட்டி ஓட்டி அளந்து இதைப் புரட்டிப் போட்டார். கெட்டியான டயர் கரடுமுரடான தாரில் குதிக்கும். குதிக்கும்போது நம் உடம்பும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்தில் வீணாகிற சக்தியைக் கணக்கில் சேர்த்தால், மிருதுவான பக்கச்சுவர் கொண்ட அகல டயர் ஒல்லி டயருக்குப் பின்தங்குவதே இல்லை. கவனியுங்கள், மிருதுவான பக்கச்சுவர். கட்டை ரப்பரில் செய்த மலிவு டயரை 40 அகலத்தில் மாட்டிவிட்டு இந்தக் கட்டுரையைத் திட்டாதீர்கள்.

டயரின் முகத்தையும் பாருங்கள். முழுக்கப் பொத்தான் பொத்தானாக இருந்தால் தாரில் விர்ர்ர் என்று இரைச்சல் போடும். முழு வழவழப்பு என்றால் செம்மண் வளைவில் பக்கவாட்டில் நழுவும். நமக்கு நடுவில் வழவழப்பு, ஓரங்களில் பல் உள்ளதே சரி. ஸ்பெஷலைஸ்டின் பாத்ஃபைண்டர் அப்படி நடுவே ஒரு வழவழப் பட்டையோடு வருகிறது. பானரேசரின் கிராவல்கிங்கில் நுணுக்கமான கோடுகள் முதல் பொத்தான் வரை பல வகை உண்டு. நேராகப் போகும்போது நடுப்பட்டை மட்டும் தரையில் உருளும். வண்டியைச் சாய்த்தால் ஓரத்துப் பற்கள் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை மண் வளைவில் பயந்துகொண்டே சாய்த்து, அது பிடித்துக்கொண்டதை உணர்ந்த அந்தக் கணத்தில் என்னை அறியாமல் கூவிவிட்டேன்.

இதில் ஒரு எச்சரிக்கை. கடையில் நிற்கிற வண்டியில் என்ன டயர் மாட்டியிருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை, எத்தனை அகலம் வரை இடம் இருக்கிறது என்பதே கேள்வி. ஃபோர்க்கின் உள்பக்கத்திலும் பெடலுக்குப் பின்னால் கம்பிகள் குறுகுகிற இடத்திலும் டயருக்கு இருபுறமும் விரல் நுழைகிறதா பாருங்கள். டயர் மாற்றலாம், ஃப்ரேமை மாற்ற முடியாது. மழை பெய்த மறுநாள் உடுமலைக்கு வடக்கே கரிசல் காட்டில் நுழைந்து பாருங்கள், இடம் எதற்கு என்று புரியும். அந்த மண் டயரில் அப்பி, ஃபோர்க்கில் நெருங்கி, கடைசியில் சக்கரம் சுற்ற மறுக்கும். மட்கார்டு வேறு மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, ஹேண்டில்பார். ட்ராப் பார் ஆசாமிகளோடு எனக்குத் தீராத வழக்கு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிற பிரெவே ஓட்டங்களில் கலந்துகொள்கிற நண்பர் ஒருவர் உண்டு. என் வண்டியைப் பார்த்ததும், "நல்ல வண்டிதானுங்க, ஆனா ஹேண்டில்பார்ல பாதியக் காணோமே" என்றார். கிராவல் பைக் என்றால் வளைந்த கொம்பு இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. இந்தக் கிராவல் மோகத்தைக் கிளப்பியதில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006-ல் தொடங்கிய பந்தயத்துக்குப் பெரிய பங்கு. இப்போது அன்பவுண்ட் என்று பெயர், பிரதான தூரம் 200 மைல். வெட்டவெளிப் புல்வெளியில், எதிர்காற்றில், பகல் முழுக்க ஓட்டுகிறவனுக்குக் குனிந்து பிடிக்க ஒரு பிடி, நிமிர்ந்து பிடிக்க ஒரு பிடி என்று நாலைந்து பிடிகள் வேண்டும்தான்.

மண்ணில் சைக்கிள் ஓட்டி விளையாடுவதற்கு இன்னொரு பழைய வம்சமும் இருக்கிறது. 1976-ல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண்பாதையில் இறக்கத்தில் பந்தயம் விட்டார்கள். அதற்கு ரீபேக் என்று பெயர். இறங்கி முடிக்கும்போது பின்சக்கரத்து பிரேக்கில் இருந்த கிரீஸ் எல்லாம் வெந்து புகைந்துவிடும், திரும்ப அடைக்க வேண்டும். பந்தயத்தின் பெயரே அப்படி வந்ததுதான். அவர்கள் நம்பியது அகலமான ஹேண்டில்பாரை. ஜல்லியில் முன்சக்கரம் துள்ளும்போது அதை அடக்க அகலம்தான் உதவும். என் கட்சி அந்தக் கட்சி.

நேர் ஹேண்டில்பாரின் சுகத்தை மண்ணில் அனுபவித்தால்தான் தெரியும். பிரேக் எப்போதும் விரலடியில் இருக்கிறது. தலை நிமிர்ந்திருக்கிறது, வேலிக்கு மேலே பார்வை போகிறது. நாலாவது தோப்பில் தேங்காய் வெட்டு நடக்கிறது என்று முன்கூட்டியே தெரியும், கிழுவை வேலிக்குப் பின்னால் நாய் காத்திருப்பதும் தெரியும். பொள்ளாச்சிச் சந்தையின் நெரிசலில் கால் ஊன்றாமல் நுழைந்து வெளியே வரலாம். ட்ராப் பாரில் குனிந்து போகிறவருக்கு நாயின் முதல் அறிமுகமே அது துரத்துவதுதான்.

காற்று என்று வந்தால் மட்டும் நண்பர் ஜெயித்துவிடுவார். எங்கள் ஊருக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்து வழியே பிடித்துத் தள்ளிக்கொண்டு வரும். உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் காடாக நிற்பது சும்மா இல்லை. வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது பௌதிகம். நிமிர்ந்து உட்கார்ந்தவன் அதில் கூடுதல் வரி கட்டத்தான் வேண்டும். அதற்கு நான் இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, ஆடியில் விடிகாலையில் காற்றுக்கு எதிராகக் கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று மேற்கே கேரள எல்லைப் பக்கம் போய்விடுவது. வெயில் ஏறத் திரும்பும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். மிதிக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. இன்னொன்று, ஹேண்டில்பாரின் உள்பக்கம், ஸ்டெம்முக்கு இருபுறமும் சின்ன பார்எண்ட் கொம்புகளை மாட்டுவது. முழங்கையை ஒடுக்கி அதைப் பிடித்தால் உடம்பு தானே தாழும். பிரேக் தூரமாகிவிடும் என்பதால் ஆளில்லா நேர்ரோட்டில் மட்டும்.

உள்கொம்பால் இன்னொரு நோயும் தீரும். நேர் ஹேண்டில்பாரில் கை ஒரே இடத்தில் அழுந்தி, ரெண்டு மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் அந்தப் பக்கம் ஒரு நரம்பு ஓடுகிறது, அது நசுங்குவதால் வருவது. உள்ளங்கைக்கு அகலமாக இடம்கொடுக்கிற எர்கோ கிரிப்பை மாட்டுங்கள். ஹேண்டில்பார் 680 மில்லிமீட்டர் அகலத்தில் வந்தால் தோளுக்குத் தக்கபடி இருபுறமும் சமமாக அறுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் ரொம்ப ஓட்டுவீர்களானால் அதிகம் அறுக்க வேண்டாம். எனக்கு 620 பொருந்திவிட்டது.

ஒரு யோசனை எல்லாருக்கும் வரும்: ட்ராப் பார் வண்டியை மலிவாக வாங்கி ஹேண்டில்பாரை மட்டும் மாற்றிவிட்டால் என்ன? வேண்டாம். ட்ராப் பாரின் குழாய் 23.8 மில்லிமீட்டர் கனம், நேர் பாரின் பிடி 22.2. பழைய லீவர் எதுவும் புதிய பாரில் ஏறாது. பிரேக், கியர் லீவர் இரண்டும் புதிதாக வாங்க வேண்டும், அவை பழைய டெரெய்லர் இழுக்கிற அளவுக்கு ஒத்துப்போகவும் வேண்டும். எல்லாம் செய்தபிறகு உட்கார்ந்தால் ஹேண்டில்பார் மடிமேல் வந்துவிட்டதைப் போலிருக்கும். ட்ராப் பாருக்கென்று நீளம் குறைத்துச் செய்த ஃப்ரேம் அது. நேர் பார் வண்டி என்றே பிறந்த வண்டியை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் சேர்ந்த ட்ராப் பார் ஹைட்ராலிக் செட் விலை தலையைச் சுற்ற வைக்கும். நேர் பாருக்கு ஷிமானோவின் எளிய எம்டி200 ஹைட்ராலிக்கே அருமையாக நிற்கிறது.

நிற்கிறது என்பதை வால்பாறை இறக்கத்தில் பார்த்தேன். பார்க்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும் அல்லவா, அதைச் சொல்கிறேன்.

ஆழியாறைத் தாண்டி வனத்துறைச் சோதனைச்சாவடி. அங்கிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. என் வண்டியில் முன்னால் 38 பல், பின்னால் 11 முதல் 42 பல் வரை. இருப்பதிலேயே லேசான கியரில் ஒரு முழுச்சுற்று மிதித்தால் வண்டி 2 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 7 கிலோமீட்டர். கேவலமான வேகம் என்று சிரிக்கலாம். ஆனால் நான் இறங்கித் தள்ளவில்லை. மூட்டு அலறவில்லை. மூச்சு விட்டுக்கொண்டு, குரங்குகளுக்கு வணக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பலகையாக எண்ணிக்கொண்டு ஏறினேன். ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை முழுக்க விரிந்து கிடக்கிறது. வளைவுக்கு மேலே பாறைச்சரிவில் வரையாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மாநில விலங்கு ரோட்டோரத்தில் நின்று என்னைப் பார்க்கிறது, நான் சைக்கிளில்! காரில் வந்தவர்கள் கதவைச் சாத்துகிற சத்தத்துக்கே அவை மேலே ஏறிப்போயின. நான் நின்றவரை இருந்தன.

ஆகவே கியரைப் பார்க்கும்போது மேல்கோடியைப் பார்க்காதீர்கள், கீழ்க்கோடியைப் பாருங்கள். முன்பல்லைவிடப் பின்பல் பெரிதாக ஒரு கியராவது இருக்க வேண்டும். மேல்கோடி தானே போதுமான அளவுக்கு வந்துவிடும். 38-க்கு 11 என்றால் நிமிஷத்துக்கு 90 சுற்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் தாண்டும். அதற்கு மேல் என் காலுக்கு வேலையில்லை. முன்னால் இரண்டு பல்சக்கரம், 46-ம் 30-ம், பின்னால் 11-36 என்று வருகிற வண்டிகளும் நல்லவையே. கியருக்குக் கியர் இடைவெளி நெருக்கமாக இருக்கும், தாரில் கூட்டத்தோடு ஓட்டுகிறவர்களுக்கு அது பிடிக்கும். மண்ணில் அடிக்கடி புகுகிறவனுக்கு ஒற்றைச் சக்கரமே நிம்மதி. செயின் கழல்வது குறைவு, இடது கைக்கு கியர் வேலை இல்லை, துடைக்க வேண்டியதும் குறைவு. 2023-ல் ஷிமானோ கொண்டுவந்த க்யூஸ் வரிசை இந்த ரக வண்டிகளை மனதில் வைத்தே செய்ததுபோல் இருக்கிறது. தேய்மானத்துக்குத் தாங்கும்படி பற்களைத் தடிமனாக்கியிருக்கிறார்கள்.

இறக்கத்தில் ஒரு விரல் போதும். டிஸ்க் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறும் என்பதால், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டு, அடுத்ததற்கு முன் திரும்பப் பிடித்து இறங்கினேன். மேலே சாரல் பெய்திருந்தது. ஈரத்திலும் பிரேக் முனகவில்லை, வண்டி இழுத்துக்கொண்டு ஓடவில்லை. யானை நடமாடுகிற ரோடு அது. வெளிச்சம் நன்றாக வந்தபிறகு ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

ஊருக்குள் இந்த வண்டிக்குக் கிடைக்கிற மரியாதை தனி. ஆனைமலைப் பக்கம் ஒரு டீக்கடையில் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இது எத்தனைக்கு வாங்குனீங்க?"

விலையைப் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன்.

"அத்தனை குடுத்துமா ஒரு ஸ்டாண்டு போட்டுக் குடுக்கல? கேரியரும் இல்ல, மட்கார்டும் இல்ல. நல்லா ஏமாத்திப்புட்டாங்க போங்க."

வாயடைத்துப் போனேன். அவரிடம் வண்டியைக் கொடுத்து, தூக்கிப் பாருங்கய்யா என்றேன். தூக்கினார். திரும்ப வைத்தார். இன்னொரு தடவை தூக்கினார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் தூக்கச் சொன்னார். டீக்கு அன்று காசு வாங்கவில்லை. ஆனாலும் பெரியவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கேரியரும் மட்கார்டும் மாட்டுவதற்கான திருகு ஓட்டைகள் ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றும். ஐப்பசியில் முதுகெல்லாம் சேறு தெறித்தபிறகு வேண்டும் என்று தோன்றும்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. வேலியில் முள் இல்லாத இட்டேரி கிடையாது. வேலி வெட்டிய வாரம் என்றால் தடமே முள்படுக்கை. டியூப் போட்ட சக்கரத்தோடு போனால் பஞ்சர் ஒட்டியே பொழுது போய்விடும். ரிம்மும் டயரும் டியூப்லெஸ்ஸுக்குத் தயாரானவையா என்று கேளுங்கள். உள்ளே பால்போன்ற சீலன்ட் ஊற்றிவிட்டால் முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து டயரைப் பார்த்தால் உடைந்த முள்முனைகள் அங்கங்கே நிற்கும், காற்று அப்படியே இருக்கும். அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை டியூப்காரர்களுக்கு விளக்க முடியாது. நம் வெயிலுக்குச் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், சில மாதங்களுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். பெரிய கிழிசலை அது அடைக்காது, ஆகவே ஒரு டியூபும் பம்பும் பையில் இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது வழக்கமாகப் போட்டு ஓட்டும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு போங்கள். குறுக்குக்கம்பிக்கு மேலே இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றால் கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும். உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நீண்டிருந்தால் ஒரு அளவு சிறிய ஃப்ரேமைக் கேளுங்கள். சீட்டை உயர்த்தி இறக்கி எதையும் சரிசெய்துவிடலாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். உயரம் சரியாகும், நீளம் ஆகாது. காற்றைப் பாருங்கள். கடையில் நிறுத்திவைத்த வண்டியில் பெரும்பாலும் கல்லாக அடித்து வைத்திருப்பார்கள், அப்படியே ஓட்டினால் எந்த வண்டியும் உதறத்தான் செய்யும். உங்கள் எடைக்குத் தக்கபடி இறக்கச் சொல்லுங்கள். பிறகு கடை வாசலில் இருக்கிற வழவழப்பான தாரில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வரச் சொல்வார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த ஊரிலும் எந்தக் கடைக்குப் பக்கத்திலும் குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட ஒரு தெரு கண்டிப்பாக இருக்கும். அந்தத் தெருவுக்குள் ஓட்டிப் போய்விட்டு வந்து விலை பேசுங்கள்.